பழைய சின்ன காருக்கு வேறு இன்ஜின்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

இருபது, முப்பது வருடம் ஓடிய சின்ன காரில் கம்பெனி போட்ட இன்ஜினை இறக்கிவிட்டு, வேறொரு மாடலின் இன்ஜினை ஏற்றுவதைத்தான் இன்ஜின் ஸ்வாப் என்கிறோம். இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனை வைத்துத்தான் இன்ஜினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் பாதியில் நின்றுபோன வண்டிகளில் இன்ஜினே காரணமாக இருப்பது அபூர்வம். கிளட்ச் கேபிள் எட்டாது. டிரைவ் ஷாஃப்ட் ஒரு விரற்கடை நீளம் கூடும். ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) சாவியை ஏற்காது. இன்ஜின் பேனட்டுக்குள் உட்கார்ந்து மாதக்கணக்காகியும் வண்டி வீட்டு வாசலைத் தாண்டாது.

அதனால் தேர்வு செய்யும்போதே இன்ஜினைத் தனியாகப் பார்க்கக் கூடாது. இன்ஜின், அதோடு வந்த கியர்பாக்ஸ், ஷாஃப்ட், வயரிங், ஈசியூ, மவுன்டிங், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்து ஒரு செட். அந்த செட் உங்கள் வண்டிக்குள் எவ்வளவு சுலபமாக இறங்கும் என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை குதிரைத்திறன் என்பது அதற்குப் பிறகு.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

பழைய இன்ஜின் தேய்ந்துவிட்டது, ஆனால் அதன் இழுவை உங்களுக்குப் போதும் என்றால் ஸ்வாப் தேவையே இல்லை. ரிங், பேரிங், வால்வ் சீல் மாற்றி, ஹெட்டைச் சமன்செய்து அதையே புதுப்பிப்பது எளிது. மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. உதிரி பாகமே கிடைக்காமல் போனாலோ, நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யத் தெம்பு போதவில்லை என்றாலோதான் ஸ்வாப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தெம்பு என்று வரும்போது ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 900 கிலோ எடையுள்ள காரில் 75 குதிரைத்திறன் இருந்தால் டன்னுக்கு 83. அதே காரில் 40 கிலோ கூடுதல் எடையுள்ள, 130 குதிரைத்திறன் தரும் இன்ஜினை வைத்தால் டன்னுக்கு 138. வண்டியின் குணமே மாறிவிடும். சின்ன காருக்குப் பெரிய எண்கள் தேவையில்லை என்பது இதிலேயே தெரியும். 130 போதும் என்ற இடத்தில் 200-ஐத் தேடினால், கூடுதல் 70-க்காக கியர்பாக்ஸ், பிரேக், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

தினமும் ஓட்டும் வண்டிக்கு உச்ச சக்தியைவிட, 2000 முதல் 4500 ஆர்பிஎம் வரை என்ன டார்க் (சுழற்றும் விசை, அதாவது இழுவை) கிடைக்கிறது என்பதே முக்கியம். ஹோண்டாவின் பி16ஏ இன்ஜின் 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தரும், அதுவும் 7600 ஆர்பிஎம்மில். அதன் உச்ச டார்க் சுமார் 150 நியூட்டன் மீட்டர். அது வருவது 7000 ஆர்பிஎம்மில். அதே குடும்பத்தில் சிஆர்-வி காரில் வந்த 2 லிட்டர் பி20பி, சுமார் 180 நியூட்டன் மீட்டரை 4500 ஆர்பிஎம் பக்கத்திலேயே கொடுத்துவிடும். காகிதத்தில் பி16ஏதான் பலசாலி. ஆனால் சிக்னலில் நின்று நின்று, ஆளும் சுமையுமாகப் போகிற வண்டிக்கு பி20பிதான் பொருத்தம். டைனோ வரைபடம் (ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் இன்ஜின் தருவதை அளந்து வரைந்த கோடு) கிடைத்தால் உச்சப் புள்ளியைப் பார்க்காதீர்கள். கோடு இடது பக்கத்தில் எங்கே மேலேறத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

குடும்பத்துக்குள் எடுத்தால் பாதி வேலை முடிந்தது

ஸ்வாப்களை மூன்று தரமாகப் பிரிக்கலாம். ஒரே இன்ஜின் குடும்பத்தில் பெரிய கொள்ளளவுக்குப் போவது முதல் தரம். அதே கம்பெனியின் வேறு குடும்பத்து இன்ஜினை ஏற்றுவது இரண்டாவது. வேறு கம்பெனியின் இன்ஜினை ஏற்றுவது மூன்றாவது. முதல் ஸ்வாப் செய்பவர் முதல் தரத்தைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

முதல் தரத்துக்கு நல்ல உதாரணம் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் வந்த முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் இன்ஜின் இருந்தது. 1994 மாடலிலிருந்து 1.8 வந்தது. இரண்டும் ஒரே வம்சம் என்பதால் பழைய 1.6 வண்டியில் 1.8-ஐ இறக்கும்போது மவுன்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, கியர்பாக்ஸும் அப்படியே சேரும். ஆனால் இங்கேயும் செட் பற்றிய பாடம் உண்டு. 1.8-க்கு கிளட்ச் டிஸ்க் பெரியது: 200-க்குப் பதில் 215 மி.மீ. பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்தனுப்பும் பற்சக்கரப் பெட்டி) 1.6 வண்டிகளில் 6 அங்குல ரிங் கியர் கொண்டது. அது வலுவற்றது என்று பெயரெடுத்தது. 1.8 வண்டிகளில் கம்பெனியே அதை 7 அங்குலமாக்கிவிட்டது. இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டிஃபரன்ஷியலை விட்டுவைத்தால், அடுத்து உடையப்போவது அதுதான்.

ஒரே குடும்பம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டொயோட்டா ஏஇ86-ல் 4ஏ-ஜிஇ இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரங்களை ஓட்டும். பின்னாளில் முன்சக்கர வண்டிகளுக்காக அதே இன்ஜினின் 20 வால்வ் வடிவம் வந்தது. பிளாக் ஒன்றேதான், ஆசையாக இருக்கும். ஆனால் 20 வால்வ் ஹெட்டில், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்க முனையில் இருக்கிறது. குறுக்குவாக்கில் உட்காரும் வண்டியில் அங்கே காலி இடம். ஏஇ86-ல் அங்கே ஃபயர்வால், அதாவது இன்ஜின் அறைக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு. கூலன்ட் வெளியேறும் வழியும் அந்தப் பக்கம்தான். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு வேறு வகை இக்னிஷன் போடுவது, அல்லது ஃபயர்வாலைத் தட்டி இடம் உண்டாக்குவது, கூலன்ட் பாதையைத் திருப்புவது என்று வேலை நீளும். இன்ஜின் முன்பு எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று கேட்காமல் முடிவெடுத்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது தரத்துக்கு ஹோண்டா சிவிக்கில் கே வரிசை இன்ஜினைச் சொல்லலாம். 1990-களின் சிவிக்கில் வந்த டி, பி வரிசை இன்ஜின்கள் மற்ற கம்பெனி இன்ஜின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. 2001-ல் வந்த கே வரிசையில் ஹோண்டா சுழற்சியை மற்றவர்களைப் போல மாற்றிவிட்டது. அதனால் கியர்பாக்ஸ் இருந்த பக்கத்தில் டைமிங் செயின், டைமிங் பெல்ட் இருந்த பக்கத்தில் கியர்பாக்ஸ் என்று எல்லாம் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடுகிறது. எக்ஸாஸ்ட் முன்னால் ரேடியேட்டர் பக்கம் இருந்தது. இப்போது ஃபயர்வால் பக்கம் போய்விடும். ஆகவே மவுன்டிங், ஷாஃப்ட், ஹெடர் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி), கியர் லீவர், கேபிள் எல்லாமே புதிதாக வேண்டும். இதற்கெல்லாம் ரெடிமேட் பாகங்கள் விற்பனைக்கு உண்டு. பலர் நடந்து தேய்ந்த பாதை. கே20, கே24 இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கே20-ன் பிளாக் உயரம் 212 மி.மீ., கே24-க்கு 231.5 மி.மீ. பேனட்டுக்கு அடியில் அந்த 19.5 மி.மீ. பெரிய விஷயம்.

மூன்றாவது தரம் வெல்டிங் மெஷினும் லேத்தும் கையிலிருப்பவர்களுக்கு. தொடக்கக்காரருக்கு அது இப்போது வேண்டாம்.

இடம் இருக்கிறதா?

நீளம், அகலம் மட்டும் அளந்தால் போதாது. இடிக்கிற இடங்கள் பெரும்பாலும் நான்கு: கீழே ஆயில் சம்ப்பும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரும், மேலே வால்வ் கவரும் பேனட்டும், பின்னால் எக்ஸாஸ்ட்டும் ஸ்டீயரிங் ராடும், முன்னால் கிராங்க் புல்லி அல்லது ஆல்டர்னேட்டரும் ரேடியேட்டர் ஃபேனும்.

பேனட்டுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. இன்ஜினை இடத்தில் வைத்து, வால்வ் கவரின் மிக உயரமான இடங்களில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருண்டையாக ஒட்டுங்கள். பேனட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. அது 20 மி.மீ.க்குக் குறைந்தால் ஓடும்போது இடிக்கும், ஏனென்றால் ரப்பர் மவுன்டிங்கில் இன்ஜின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் சாயும். இடைவெளி போதாது என்று கெட்டியான பாலியூரிதேன் மவுன்டிங் போட்டால் சாய்வது குறையும். ஆனால் ஐடிலில் ஸ்டீயரிங்கும் டேஷ்போர்டும் நடுங்கும். பேனட்டை வெட்டினால்தான் உட்காரும் என்ற இன்ஜினைத் தெருவில் ஓட்டும் வண்டிக்கு எடுக்காமல் விடுங்கள். மழைத்தண்ணீர் நேராக இக்னிஷன் காயிலில் இறங்கும்.

கியர்பாக்ஸ்

முடிந்தவரை இன்ஜினோடு வந்த கியர்பாக்ஸையே வாங்குங்கள். இரண்டையும் பிரித்தால் பிரச்சினை தொடங்கும். பிரிக்க வேண்டி வந்தால் இதை மனதில் வையுங்கள்: ஃப்ளைவீல் இன்ஜினின் கிராங்குக்குப் பொருந்த வேண்டும். கிளட்ச் டிஸ்க்கின் நடுவிலுள்ள பற்கள் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் ஃப்ளைவீலின் பல் வட்டத்துக்குப் பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் வண்டி கிளம்பாது, அல்லது கிளம்பிச் சீக்கிரமே உடையும்.

பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட் ஓட்டைகள் ஒத்துப்போனாலே போதும் என்று நினைப்பது பொதுவான தவறு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்க்கோட்டில் நிறுத்துவது போல்ட்கள் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டு டவல் பின்கள். பழைய இன்ஜினை இறக்கும்போது இவை கியர்பாக்ஸ் பக்கம் ஒட்டிக்கொண்டு காணாமல் போவது வழக்கம். பின் இல்லாமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் எல்லாம் சேர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனால் மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு விலகல் இருந்தாலும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் ஓயாமல் பக்கவாட்டு அழுத்தம் வாங்கும். முதலில் கிளட்ச் உதறும், கியர் விழ மறுக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் பேரிங் கத்தும். அடாப்டர் பிளேட் வாங்கினாலும் அதில் டவல் பின்னுக்கான ஓட்டை துல்லியமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கிளட்சை எது இயக்குகிறது என்பதும் முக்கியம். உங்கள் வண்டியில் கேபிள், புது கியர்பாக்ஸில் ஹைட்ராலிக் என்றால், பெடலில் மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் செய்ய வேண்டும். ஃபயர்வாலின் தகடு மெல்லியதாக இருந்தால் அந்த இடத்தில் வலுவூட்டத் தகடு ஒட்டாமல் விடாதீர்கள். இல்லையென்றால் பெடலை மிதிக்கும்போது தகடு வளைந்து, கிளட்ச் பாதிதான் விலகும்.

பிறகு ஃபைனல் டிரைவ் விகிதம், அதாவது டிஃபரன்ஷியலில் கடைசியாக வேகத்தைக் குறைக்கும் பற்சக்கர விகிதம். இதை வாங்கும் முன்பே கணக்கிட்டுவிடலாம். 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 1667 மீட்டர். ஆக சக்கரம் நிமிடத்துக்கு சுமார் 920 முறை சுற்றும். இதை ஐந்தாவது கியரின் விகிதத்தாலும் ஃபைனல் டிரைவ் விகிதத்தாலும் பெருக்கினால் இன்ஜின் வேகம் கிடைக்கும். ஐந்தாவது 0.75, ஃபைனல் 4.4 என்றால் சுமார் 3030 ஆர்பிஎம். ஃபைனல் 3.7 என்றால் சுமார் 2550. சின்ன இன்ஜினுக்காக அமைந்த குட்டை கியரை (விகித எண் பெரியது) பெரிய இன்ஜினோடு வைத்தால் நெடுஞ்சாலையில் சத்தமும் பெட்ரோலும் கூடும். உயர்ந்த ஆர்பிஎம்மில் மட்டுமே உயிர்பெறும் இன்ஜினை நெட்டை கியரோடு வைத்தால் மேட்டில் மூச்சுத் திணறும்.

டிரைவ் ஷாஃப்ட்

முன்சக்கர வண்டியில் உள்பக்க ஜாயின்ட் புது கியர்பாக்ஸைச் சேர்ந்ததாகவும், வெளிப்பக்க ஜாயின்ட் உங்கள் வண்டியின் ஹப்பைச் சேர்ந்ததாகவும் இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் தண்டின் நீளம் இரண்டுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது உள் ஜாயின்ட் அடியில் முட்டும். அந்த அடி நேராக டிஃபரன்ஷியல் பேரிங்கில் விழும். நீளம் குறைந்தால் குழியில் சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட் கழன்று வரும்.

இதைச் சோதிக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பை ஜாக்கி வைத்து மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை நகர்த்துங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஷாஃப்ட்டைக் கையால் உள்ளேயும் வெளியேயும் தள்ளிப்பாருங்கள். எங்கே நின்றாலும் சில மி.மீ. நகர வேண்டும். நகராத இடம் ஒன்று இருந்தால் அந்த ஷாஃப்ட் வேண்டாம்.

வயரிங்கும் ஈசியூவும்

ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் சோர்ந்துபோவது பெரும்பாலும் இங்கேதான். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் சரியான பொருள் கையில் இருக்க வேண்டும்.

இன்ஜினோடு அதே வண்டியின் இன்ஜின் ஹார்னஸ் (வயர் கட்டு), ஈசியூ, சென்சார்கள் எல்லாமே வர வேண்டும். பழைய இன்ஜின் விற்கும் இடங்களில் நேரம் மிச்சம் பிடிக்க வயரை ஃபயர்வால் ஓரத்தில் வெட்டிவிடுவார்கள். வெட்டிய ஹார்னஸ் வந்தால் ஒவ்வொரு வயரையும் நிறம் பார்த்து ஒட்ட வேண்டும். ஒட்டிய இடமெல்லாம் நாளை பச்சை பிடிக்கும். கனெக்டரோடு கழற்றிக் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடுதல் பணம் கேட்டாலும் கொடுப்பதே லாபம்.

சாவியில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சிப் உள்ள காலத்து இன்ஜின் என்றால், ஈசியூவும் சாவியும் இக்னிஷனைச் சுற்றியிருக்கும் வளையமும் ஒன்றுக்கொன்று பழகியவை. தனியாக வாங்கிய ஈசியூ ஸ்டார்ட்டரைச் சுழலவிட்டாலும் ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ நிறுத்திவிடும். மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாத, மின்னணு த்ராட்டில் உள்ள இன்ஜின் என்றால் பெடலும் அதே வண்டியுடையதாக இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியின் ஈசியூவை மேனுவல் கியர்பாக்ஸோடு வைத்தால், இல்லாத கியர்பாக்ஸைத் தேடிப் பிழைக் குறியீடு காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த ஹார்னஸ் முழுமையாக இருந்தால், வண்டியின் பழைய வயரிங்கோடு இணைக்க வேண்டியவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான்: எப்போதும் வரும் 12 வோல்ட், இக்னிஷன் போட்டால் வரும் 12 வோல்ட், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப் ரிலே, டேக்கோமீட்டர், வெப்பநிலை, ஆயில் பிரஷர் விளக்கு, ஆல்டர்னேட்டர் விளக்கு, செக் இன்ஜின் விளக்கு, வேக சென்சார், அப்புறம் எர்த். ஆல்டர்னேட்டர் விளக்கைத் தேவையற்றது என்று விட்டுவிடாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்களில் அந்தப் பல்பு வழியாக வரும் சிறு மின்சாரம்தான் சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. பல்பு இல்லையென்றால் பேட்டரி சார்ஜ் ஏறாது.

எர்த் மோசமாக இருந்தால் வரும் கோளாறுகள் எதுவும் எர்த் கோளாறு மாதிரியே தெரியாது. இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் தடித்த எர்த் வயர் போட மறந்தால், ஸ்டார்ட்டரின் மின்சாரம் த்ராட்டில் கேபிள் வழியாகவும் கியர் கேபிள் வழியாகவும் திரும்பும். கேபிள் சூடாகி இறுகும். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் பிடியுங்கள்.

நான்கு சிலிண்டருக்குப் பதில் ஆறு சிலிண்டர் வைத்தால் பழைய டேக்கோமீட்டர் ஒன்றரை மடங்கு காட்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்பது மூன்றாகிவிடுவதால் அப்படி.

பெட்ரோல், தண்ணீர், புகை

கார்புரேட்டர் வண்டியில் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை வைப்பவர்கள் பெட்ரோல் பாதையை அடியோடு மாற்ற வேண்டும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.35 பார் அழுத்தம் போதும்; இன்ஜெக்‌ஷனுக்கு சுமார் 3 பார் வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, சூடான எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கென்று உள்ள ஹோஸும் கிளிப்பும்தான் போட வேண்டும். இங்கே மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. பழைய டேங்கில் தடுப்புத் தகடு இல்லாததால், பாதிக்குக் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சி வண்டி திக்கும். ஒன்றிரண்டு லிட்டர் பிடிக்கும் சர்ஜ் டேங்க் அதைச் சரிசெய்யும்.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, ஓட்டத்தில் சூடேறாத வண்டி டிராஃபிக்கில் சூடேறினால் ஃபேனும் அதன் கூடும்தான் காரணம். நின்றாலும் ஓடினாலும் சூடேறினால் ரேடியேட்டர் சிறியது, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. இன்ஜினின் ஹெட் ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக அமைந்தால் காற்று அங்கேயே தங்கும். மிக உயரமான இடத்தில் நிரப்பும் வாய் ஒன்று வைத்து, ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டு நிரப்ப வேண்டும்.

எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜன் சென்சாரைக் கம்பெனி வைத்த இடத்துக்கு அருகிலேயே வையுங்கள். சென்சாருக்கு முன்னால் ஒரு சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், ஈசியூ கூடுதலாக ஊற்றும், மைலேஜ் போய்விடும்.

எடையும் பிரேக்கும்

80 கி.மீ. வேகத்தில் போன வண்டி இனி 110-ல் போகும் என்றால், நிறுத்த வேண்டிய சக்தி 1.9 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் இப்படி. டோனர் கார் (இன்ஜினைக் கொடுத்த வண்டி) உங்கள் வண்டியின் உறவுக்கார மாடல் என்றால் அதன் முன் பிரேக்கும் மாஸ்டர் சிலிண்டரும் பெரும்பாலும் பொருத்திவிடலாம். டிஸ்க் பெரிதானால் 13 அங்குல ரிம் காலிப்பரில் இடிக்கலாம், ரிம்மை முன்பே வைத்துப் பாருங்கள். பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் எடுக்கும் வாயும் புது இன்டேக் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். இரும்பு பிளாக்கோடு முன்பக்கம் 50 கிலோ கூடினால் வண்டி வளைவில் திரும்பத் தயங்கும், மூக்கு தாழும், ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். அலுமினிய இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதில் இந்த நியாயம் உண்டு.

வாங்கும் முன் இன்ஜினைப் பார்ப்பது

ஓடும் நிலையில் உள்ள முழு டோனர் காரே சிறந்த வழி. இன்ஜின் சத்தம் கேட்கலாம், கியரை மாற்றிப் பார்க்கலாம். வேண்டிய கிளிப், பிராக்கெட், போல்ட் எல்லாம் அதிலேயே இருக்கும். மிச்சத்தை விற்கவும் முடியும்.

தரையில் கிடக்கும் இன்ஜின் என்றால் கம்ப்ரெஷன் சோதனை இல்லாமல் வாங்க வேண்டாம். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஸ்டார்ட்டரால் ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்தாறு முறை அமுக்கவிட்டு அளவு பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முக்கியம். அதிகமானதற்கும் குறைவானதற்கும் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் சந்தேகப்படுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் படிவு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்க்கின் முன்பின் சீல்கள், கிளட்ச் செட், ரிலீஸ் பேரிங் இவ்வளவையும் புதிதாக்கிவிடுங்கள். பின் சீல் கசிந்தால் அதற்காக கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். டைமிங் பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டே போய்விடும்.

செலவு போடும்போது இன்ஜின் விலையைப் போல இன்னொரு மடங்காவது இவற்றுக்கும், ஹோஸ், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், கேஸ்கெட்டுக்கும் ஒதுக்குங்கள். அந்தப் பணம் கையில் இல்லையென்றால் ஓடுகிற வண்டியைப் பிரிக்காதீர்கள். எல்லாப் பாகமும் தரையில் வந்து சேர்ந்து, கியர்பாக்ஸும் கிளட்ச்சும் இன்ஜினோடு சேர்த்துப் பார்த்த பிறகே பழைய இன்ஜினின் முதல் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.

காகிதம்

இன்ஜின் எண் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிய வேண்டும். கொள்ளளவு மாறினால் வரியும் பிரீமியமும் மாறலாம். சில இடங்களில் வண்டியைவிடப் பழைய வருடத்து இன்ஜினை அனுமதிப்பதில்லை. புகைச் சோதனையும் இன்ஜின் வந்த வண்டியின் தரத்துக்கு ஏற்ப நடக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்பட. உங்கள் பகுதி விதியை வாங்கும் முன் எழுத்துபூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விற்றவரிடம் இன்ஜின் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். எண் பொறித்த இடத்தைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து, தெளிவாகப் படம் எடுத்துவையுங்கள். பல இன்ஜின்களில் அந்த எண் கியர்பாக்ஸ் சேரும் ஓரத்திலோ ஃபயர்வால் பக்கமோ இருக்கிறது. இன்ஜின் ஏறிய பிறகு ஆய்வாளர் எண்ணைக் காட்டச் சொன்னால், அந்த இடத்துக்குக் கை மட்டும்தான் போகும், கண் போகாது.